மைதானத்தைச் சுற்றி எழுந்த குடியிருப்பு: மும்பை சிவாஜி பார்க் பற்றி வாசகர் கேள்வி – பதில்

மும்பையின் தாதர் மேற்கிலுள்ள சிவாஜி பார்க் மைதானத்தையும் அதைச் சூழ்ந்த குடியிருப்பையும் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பலரும் கேட்டிருந்த கேள்விகளைத் தொகுத்து இம்முறை பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: சிவாஜி பார்க் என்பது மைதானத்தின் பெயரா, அதைச் சுற்றியுள்ள பகுதியின் பெயரா? ஓர் அங்குல இடத்துக்கும் போட்டி நிலவும் மும்பையில் இவ்வளவு பெரிய வெற்றிடம் எப்படித் தப்பிப் பிழைத்தது? (மதுரை வாசகர்)

இரண்டுக்கும் அதே பெயர்தான். மைதானத்தின் பரப்பு சுமார் 28 ஏக்கர். அதைச் சுற்றி ஓடும் கேலுஸ்கர் சாலையும், அதிலிருந்து பிரியும் தெருக்களும், அவற்றிலுள்ள மூன்று நான்கு மாடிக் கட்டடங்களும் சேர்ந்த பகுதியையும் மும்பைக்காரர்கள் சிவாஜி பார்க் என்றே சொல்கிறார்கள்.

நகரம் வளர்ந்து நெருக்கியபோது இந்த இடம் எப்படியோ தப்பிவிட்டது என்று எண்ண வேண்டாம். இங்கே மைதானம்தான் முதலில் வந்தது, வீடுகள் பிறகு வந்தன. 1896-இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய், காற்றும் வெளிச்சமும் புகாத நெரிசலான குடியிருப்புகளே நகரத்தின் பெரிய ஆபத்து என்ற எண்ணத்தை அரசின் மனத்தில் ஆழப் பதித்தது. அதன் விளைவாக 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டு, நகரத்தின் வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகலமான சாலைகளும் தோட்டங்களும் கொண்ட புதிய குடியிருப்புகள் திட்டமிடப்பட்டன. ரயில் பாதைக்குக் கிழக்கே உள்ள பார்சி காலனியும் இந்து காலனியும், நம்மவர்கள் நிறையப் பேர் குடியேறிய மாட்டுங்காவும் அப்படி உருவானவையே.

மேற்கே கடலை ஒட்டிய மாகிம் பகுதியில், தென்னந்தோப்பும் வயலுமாக இருந்த நிலம் 1915-ஆம் ஆண்டின் பம்பாய் நகரமைப்புச் சட்டத்தின் வழியே மனைகளாக மாறியது. இந்தச் சட்டத்தின் வழிமுறையை இன்றைய நகரமைப்பாளர்களும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஒரு பகுதியிலுள்ள தனியார் நிலங்கள் அனைத்தையும் முதலில் ஒரே வரைபடத்தில் சேர்த்துவிடுவார்கள். சாலைக்கும் பொது இடத்துக்கும் வேண்டிய பரப்பை அதில் ஒதுக்கிய பிறகு, எஞ்சியதை ஒழுங்கான மனைகளாக வெட்டி உரிமையாளர்களுக்கே திருப்பித் தருவார்கள். மனையின் மதிப்பு உயர்வதால் கிடைக்கும் ஆதாயத்தில் ஒரு பங்கை மேம்பாட்டுக் கட்டணமாக வசூலித்து அந்தப் பணத்தில் சாலை போடுவார்கள். இன்றும் அங்கே ஒரு வீட்டுப் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், சர்வே எண்ணோடு ‘இறுதி மனை எண் இன்னது, நகரமைப்புத் திட்டம் 4, மாகிம்’ என்ற வாசகம் இருக்கும்.

மைதானம் 1925-இல் மாநகராட்சியால் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அப்போது அதன் பெயர் மாகிம் பார்க். மாநகராட்சி உறுப்பினராக இருந்த அவந்திகாபாய் கோகலே அம்மையாரின் முயற்சியால் 1927-இல் சிவாஜியின் பெயர் சூட்டப்பட்டது. சுற்றியுள்ள கட்டடங்களில் பெரும்பாலானவை 1930-களிலும் 40-களிலும் எழுந்தவை. வீடு வாங்கியவர்களும் வாடகைக்கு வந்தவர்களும் எதிரே மைதானம் இருப்பதைப் பார்த்துத்தான் வந்தார்கள். அதில் கைவைக்க யார் முயன்றாலும் மூன்று தலைமுறைக் குடும்பங்கள் எழுந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர். சென்ற இதழின் படத்தில் கண்ட கட்டடங்களின் வளைந்த பால்கனிகள் எங்கள் ஊர்ப் பழைய திரையரங்குகளை நினைவூட்டின. அவை எந்தப் பாணி? (திருச்சி வாசகர்)

ஆர்ட் டெகோ பாணி. 1930-களில் கம்பி கட்டிய கான்கிரீட் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதும், கருங்கல்லிலும் மரத்திலும் எளிதில் கிட்டாத வளைவுகளைக் கட்டடக் கலைஞர்கள் துணிந்து வரைந்தார்கள். மூலை மனையில் நிற்கும் கட்டடம் தெருவோடு சேர்ந்து வளையும். சன்னலுக்கு மேலே புருவம் போல மெல்லிய கான்கிரீட் தகடு நீண்டு மழையையும் வெயிலையும் தடுக்கும். மாடிப்படி ஏறும் பகுதி மட்டும் முகப்பில் செங்குத்தாக உயர்ந்து, அதில் பதித்த ‘ஜாலி’ என்னும் துளையிட்ட தடுப்பின் வழியே படிக்கட்டுக்கு நாள் முழுதும் வெளிச்சம் வரும்.

பொறியாளர் என்பதால் தாங்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஒவ்வொரு கட்டடமும் நான்கு பக்கமும் இடம் விட்டுத் தனியாக நிற்கிறது. ஒரு சுவரை இரு வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும் தென்மும்பையின் பழைய கிர்காவ் பகுதித் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு இந்த இடைவெளியின் அருமை தெரியும். மேற்கே சில நூறு அடியில் கடல். அங்கிருந்து வரும் காற்று மைதானத்தைக் கடந்து இந்த இடைவெளிகளின் வழியே பின்வரிசைத் தெருக்கள் வரை போகிறது.

தென்மும்பையில் ஓவல் மைதானத்தை எதிர்நோக்கி நிற்கும் ஆர்ட் டெகோ வரிசை 2018-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சிவாஜி பார்க் கட்டடங்கள் அந்த எல்லைக்குள் வரவில்லை. இதனால் ஏற்பட்டுள்ள சிக்கலுக்குப் பின்னால் வருகிறோம்.

கேள்வி: ‘கட்டா’ என்று எழுதியிருந்தீர்களே, அது என்ன? (தஞ்சாவூர் வாசகி)

மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் தாழ்ந்த சுவர். ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடும். கால் தரையில் படும்படி உட்காரக்கூடிய உயரம்தான். வேலியும் பூட்டும் போட்டு மைதானத்தைக் காக்க நினைத்திருந்தால் இந்தக் குடியிருப்பின் தன்மையே வேறாகியிருக்கும். இங்கே மைதானத்தின் விளிம்பே ஊர்ப் பொதுத் திண்ணையாக ஆகிவிட்டது.

விடியற்காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள், தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் சுற்றி நடந்துவிட்டு அங்கேதான் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் அதன்மேல் உட்கார்ந்து காலுக்கு பேட் கட்டுகிறார்கள். மாலையில் ஓய்வு பெற்றவர்களின் வட்டங்கள் கூடுகின்றன. எந்த வட்டம் எந்த இடத்தில் உட்காரும் என்பது எழுதாத விதியாக இருக்கிறது. வீட்டில் தனியறை கிடைக்காத இளம் தம்பதியருக்கும், தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கும் அதே சுவரில் இடம் உண்டு. உட்கார யாரும் காசு கேட்பதில்லை, எழுந்து போகச் சொல்வதுமில்லை. நகரத்தில் இப்படிப்பட்ட இடங்கள் விரல் விட்டு எண்ணும்படி குறைந்து வரும் காலத்தில், இந்தச் சுவரை அலட்சியமாகக் கடந்துபோக எங்களால் முடியவில்லை.

கேள்வி: சச்சின் டெண்டுல்கர் விளையாடிப் பழகிய மைதானம் இதுதானா? இந்த ஒரு இடத்திலிருந்து மட்டும் இத்தனை வீரர்கள் வந்ததற்குச் சிறப்புக் காரணம் ஏதேனும் உண்டா? (பாளையங்கோட்டை வாசகர்)

ஆம், இதே மைதானம்தான். பயிற்சியாளர் ராமகாந்த் ஆச்ரேகர் இங்கேதான் தம் வலைப்பயிற்சியை நடத்தினார். சிறுவன் சச்சினின் வீடு பாந்த்ரா கிழக்கில் இருந்தது. நாள்தோறும் வந்துபோவது கடினமாக இருந்ததால், தாதரிலுள்ள சாரதாஸ்ரம் வித்யாமந்திர் பள்ளிக்கு மாறி, மைதானத்துக்கு அருகில் இருந்த சித்தப்பா வீட்டில் தங்கினார். மாலையில் களைத்துப்போன நேரத்தில் ஆச்ரேகர் ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். சச்சினை ஆட்டமிழக்கச் செய்யும் பந்துவீச்சாளருக்கு அந்த நாணயம் கிடைக்கும். யாராலும் முடியாவிட்டால் அது சச்சினுக்கு. அப்படி வென்ற 13 நாணயங்களைத் தம் பெரிய சொத்தாகப் பாதுகாத்து வருவதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆச்ரேகர் 2019 ஜனவரியில் மறைந்தார். அவருக்கு மைதானத்தில் எழுப்பிய நினைவுச் சின்னம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது.

காரணம் கேட்டிருக்கிறீர்கள். திறமை எந்தத் தெருவிலும் பிறக்கும். வீட்டு வாசலைத் தாண்டியதும் ஆடுகளம் இருப்பதும், அந்த ஆடுகளத்தில் பெரிய ஆட்டக்காரர்களும் கன்றுக்குட்டிகளும் ஒரே நேரத்தில் ஆடுவதும்தான் இந்த இடத்தின் பலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்று பாருங்கள். ஓர் ஆட்டத்தின் எல்லைக்கோடு அடுத்த ஆட்டத்தின் நடுவில் போய் முடியும். ஒரு அணியின் தடுப்பாளர், வேறொரு அணியின் தடுப்பாளருக்கு முதுகைக் காட்டியபடி நிற்பார். எந்தப் பந்து யாருடையது என்பதைச் சத்தத்தை வைத்தே அறிய வேண்டும். இந்த நெரிசலில் பழகிய பையனுக்குப் பந்திலிருந்து கண் எடுக்காத பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது. மழைக்காலத்தில் நடக்கும் காங்கா லீக் போட்டி 1948-இல் தொடங்கியது. மும்பையின் மட்டையாளர்கள் ஈரத் தரையில் திடீரென எழும்பியும் நின்றும் வரும் பந்துகளை ஆடிப் பழகியது அந்தப் போட்டியில்தான்.

விஜய் மஞ்ச்ரேகர், 1971-இல் மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் தொடர் வென்ற அணியின் தலைவர் அஜித் வாடேகர், சந்தீப் பாட்டீல், வினோத் காம்ப்ளி, பிரவீன் ஆம்ரே, அஜித் அகர்கர் என்று இந்த மைதானத்தோடு சேர்த்துப் பேசப்படும் பெயர்கள் நீளும். சிவாஜி பார்க் ஜிம்கானாவுக்கும் மாட்டுங்காவிலிருந்து ஆடிய தாதர் யூனியன் அணிக்கும் இடையே இருந்த போட்டி, மும்பை கிரிக்கெட்டின் பழைய ஆட்கள் இன்றும் அலுக்காமல் பேசும் கதை.

கிரிக்கெட்டைப் பற்றி மட்டுமே கேட்டிருந்தாலும், மைதானத்தின் ஓரத்திலுள்ள சமர்த் வியாயாம் மந்திர் என்ற உடற்பயிற்சிக் கூடத்தையும் சொல்லியாக வேண்டும். நம் விழுப்புரத்துப் பிள்ளைகள் விடாமல் பயின்று வரும் மல்லர்கம்பம் என்னும், கம்பத்தின் மீது ஏறிச் செய்யும் உடற்பயிற்சிக் கலைக்கு மராட்டியத்தில் இது ஒரு முக்கியமான பள்ளி. 2019 பிப்ரவரியில் மல்லர்கம்பத்தின் முதல் உலகப் போட்டி சிவாஜி பார்க்கில்தான் நடந்தது.

கேள்வி: தென்னிந்தியர்களுக்கு எதிரான அரசியல் தொடங்கிய இடமும் இதே மைதானம்தானே? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் புகழ்ந்திருந்தீர்கள். என் பெரியப்பா அறுபதுகளில் மாட்டுங்காவில் இருந்தவர். (கும்பகோணம் வாசகர்)

தங்கள் கேள்வி நியாயமானது. சிறு குறிப்பில் அதற்கு இடமில்லாமல் போனது. இங்கே எழுதுகிறோம்.

மொழிவாரி மாநிலத்துக்கான சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தின் பெருங்கூட்டங்கள் 1950-களில் சிவாஜி பார்க்கில் கூடின. மராத்தி எழுத்தாளர் ஆச்சார்ய அத்ரே போன்றவர்களின் பேச்சைக் கேட்க நகரமே திரண்டது. 1960 மே 1-இல் மகாராஷ்டிரம் பிறந்தது. அந்த நாளின் அணிவகுப்பு இன்றும் இந்த மைதானத்தில் நடக்கிறது. மாநிலம் கிடைத்தும் வேலை கிடைக்கவில்லை என்ற மராட்டிய இளைஞர்களின் மனக்குறையைக் கையிலெடுத்துப் பால் தாக்கரே 1966 ஜூன் 19-இல் சிவசேனையைத் தொடங்கினார். கட்சியின் முதல் பெருங்கூட்டம் அதே ஆண்டு அக்டோபர் 30-இல் சிவாஜி பார்க்கில் கூடியது. அப்போது அக்கட்சி முதன்மையாகக் குறிவைத்தது அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் தட்டச்சர்களாகவும் இருந்த தென்னிந்தியர்களை. அடுத்து வந்த ஆண்டுகளில் தென்னிந்தியர்களின் உணவகங்கள் தாக்கப்பட்டன. வேட்டி கட்டித் தெருவில் நடப்பதற்கே மாட்டுங்காக்காரர்கள் யோசித்த நாட்கள் அவை. அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்த குடும்பங்களின் அச்சத்தை யாரும் சிறிதுபடுத்திப் பேசக்கூடாது.

இருப்பினும் மாட்டுங்காத் தமிழர்கள் ஊரைக் காலிசெய்துகொண்டு வந்துவிடவில்லை. 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளிகளையும் கல்லூரிகளையும் பெருக்கியது. கிங்ஸ் சர்க்கிள் அருகே 1963-இல் எழுந்த சண்முகானந்தா அரங்கம் 1990-இல் தீக்கு இரையாகி, 1998-இல் மீண்டும் திறக்கப்பட்டது. சிவாஜி பார்க்குக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே ரயில் பாதைகள் மட்டுமே உள்ளன. ஒன்று மராட்டிய நடுத்தர வர்க்கத்தின் மையம், மற்றது நம்மவர்களின் மையம். இரண்டும் ஒரே நகரமைப்புச் சிந்தனையில், ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவானவை. எதிரெதிரே நிறுத்தப்பட்ட இந்த இரு சமூகங்களும் உண்மையில் ஒரே விதமான எழுத்தர் குடும்பங்கள், ஒரே விதமான மூன்று மாடி வீடுகள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய ஒரே கவலை. அதை நினைக்கும்போது அந்தப் பகை எவ்வளவு தேவையற்றது என்ற வருத்தமே மிஞ்சுகிறது.

சிவசேனை இந்த மைதானத்தில் நடத்தும் தசரா நாள் கூட்டம் இன்றும் தொடர்கிறது. கட்சி இரண்டாகப் பிளந்த பின் 2022-இல் இரு தரப்பும் மைதானத்தைக் கேட்டன. மாநகராட்சி இருவருக்கும் மறுக்க, உயர் நீதிமன்றம் உத்தவ் தாக்கரே தரப்புக்கு அனுமதி அளித்தது. ஒரு மைதானத்தின் மேடைக்காக நீதிமன்றம் வரை போக வேண்டிய அளவுக்கு அந்த இடத்தின் அரசியல் மதிப்பு உயர்ந்திருக்கிறது.

கேள்வி: டிசம்பர் 6 அன்று அங்கே மக்கள் கூடுவது எதற்காக? (சேலம் வாசகி)

அண்ணல் அம்பேத்கர் 1956 டிசம்பர் 6-இல் தில்லியில் காலமானார். மறுநாள் அவருடைய உடல் தாதர் கடற்கரையில் எரியூட்டப்பட்டது. அந்த இடத்தில் எழுந்துள்ள சைத்யபூமி, சிவாஜி பார்க்கிலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளையொட்டி லட்சக்கணக்கான மக்கள் மராட்டியத்தின் மூலைமுடுக்குகளிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். அவர்கள் தங்குமிடம் சிவாஜி பார்க். மாநகராட்சி பந்தலும் குடிநீரும் கழிப்பறையும் மருத்துவ உதவியும் ஏற்பாடு செய்கிறது. தொண்டு அமைப்புகள் உணவு வழங்குகின்றன.

நாங்கள் குறிப்பாகச் சொல்ல விரும்புவது புத்தகக் கடைகளை. மைதானத்தில் வரிசை வரிசையாக விரியும் கடைகளில், அம்பேத்கரின் நூல்களும் புத்தரைப் பற்றிய நூல்களும் அரசமைப்புச் சட்டத்தின் மராத்திப் பதிப்பும் அடுக்கியிருக்கும். முன்பதிவில்லாப் பெட்டியில் இரவெல்லாம் நின்று வந்த ஒரு விவசாயத் தொழிலாளி, மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்து, பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கென்று ஒரு புத்தகம் வாங்குவதை அங்கே சாதாரணமாகக் காணலாம். ‘கூட்டத்தால் தொல்லை’ என்று முணுமுணுக்கும் குடியிருப்பாளர்கள் சிலரும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை வரும் இந்த மக்களுக்கு அந்த மைதானத்தின் மீதுள்ள உரிமை, எதிரே வீடு வைத்திருப்பவர்களின் உரிமைக்கு எள்ளளவும் குறைந்ததல்ல என்பதே எங்கள் உறுதியான நிலைப்பாடு.

கேள்வி: மைதானத்தில் ஒலிபெருக்கி வைக்கவே கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் ஊர் மைதானத்துக்கும் அப்படிச் செய்ய முடியுமா? (ஈரோடு வாசகர்)

குடியிருப்போர் அமைப்பொன்று தொடர்ந்த வழக்கில், பம்பாய் உயர் நீதிமன்றம் 2010-இல் சிவாஜி பார்க்கை அமைதி மண்டலமாக அறிவித்தது. இதற்கு அடிப்படை, மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள். அவற்றின்படி மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரையிலான பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50 டெசிபலும் இரவில் 40 டெசிபலும் உச்ச வரம்பு. சிவாஜி பார்க்கைச் சுற்றிப் பால்மோகன் போன்ற பள்ளிகள் இருப்பதால் வழக்குக்கு வலு கிடைத்தது. பிற்பாடு, விளையாட்டல்லாத நிகழ்ச்சிகளுக்கு ஆண்டுக்கு 45 நாட்கள் மட்டும் என்று மாநில அரசு வரையறுத்தது.

இந்த விதிகள் நாடு முழுவதற்கும் பொருந்துவதால் தங்கள் ஊருக்கும் வழி உண்டு. மைதானத்திலிருந்து 100 மீட்டருக்குள் பள்ளியோ மருத்துவமனையோ இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். இருந்தால் அதைக் குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்கி வையுங்கள். தடை கேட்பதைவிட நாட்களுக்கு வரம்பு கேட்பது பலன் தரும். ஊர்க் கூட்டமும் திருவிழாவும் நடக்க இடமே இல்லாமல் செய்துவிடுவது பொது மைதானத்துக்கு அழகல்ல.

கேள்வி: மைதானத்தில் புழுதி பறக்கிறது என்ற செய்தி அடிக்கடி வருகிறதே? (காஞ்சிபுரம் வாசகர்)

உண்மைதான். மைதானத்தில் பரப்பிய செம்மண், மழை ஓய்ந்து தரை காய்ந்ததும் கடற்காற்றில் கிளம்பி வீடுகளுக்குள் படிகிறது. முதியவர்களும் ஆஸ்துமா நோயாளிகளும் அவதிப்படுகிறார்கள். மழைநீர் சேகரிப்பு, நீர் தெளித்தல், புல் வளர்த்தல் என்று மாநகராட்சி பல முயற்சிகள் செய்தும் முழுப் பலன் கிட்டவில்லை. நாள் முழுதும் ஆயிரக்கணக்கான கால்கள் ஓடும் தரையில் புல் நிலைப்பது எளிதல்ல. பகுதி பகுதியாக ஓய்வு கொடுத்துப் புல்லை வளர்த்தால்தான் தீரும் என்று தோன்றுகிறது. அதற்கு ஆட்டக்காரர்களும் சில மாதங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பாரம்பரியப் பகுதியாக அறிவிக்க அரசு முன்வந்தபோது அங்குள்ள மக்களே எதிர்த்தார்களாமே? அருமையான கட்டடங்களை இடிக்க ஏன் இப்படி அவசரம்? (கோயம்புத்தூர் வாசகி)

2012-இல் வெளியான பாரம்பரிய இடங்களின் வரைவுப் பட்டியலில் சிவாஜி பார்க் பகுதியும் இருந்தது. அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்ததும் உண்மை. தொலைவிலிருந்து பார்க்கும் நமக்கு இது வியப்பாக இருக்கலாம், ஆனால் உள்ளே வாழ்பவர்களின் கணக்கு வேறு.

இங்குள்ள பல கட்டடங்களில் இருப்பவர்கள் பழைய வாடகைதாரர்கள். 1947-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940-ஆம் ஆண்டின் அளவிலேயே நிறுத்தியது. வீட்டுக்காரருக்கு வரும் வாடகை, சுண்ணாம்பு அடிக்கக்கூடப் போதாது. எனவே அவர் பழுது பார்ப்பதில்லை. குடியிருப்பவர் உரிமையாளர் அல்லர் என்பதால் அவரும் பெரிய செலவு செய்யத் தயங்குகிறார். கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரிக்க, துருப்பிடித்த கம்பி உப்பிப் பூச்சைப் பிளக்கிறது. நீங்கள் படத்தில் ரசித்த அந்த வளைந்த பால்கனியின் அடிப்பக்கத்தில் இரும்பு முட்டுக் கொடுத்திருப்பதை நேரில் போனால் காணலாம். 1969-ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியே பழுதுபார்ப்பு வாரியம் அமைத்து, பழைய கட்டடங்களிடம் மேல்வரி வசூலித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

மீள்கட்டுமான விதிகளின்படி, கட்டுமான நிறுவனம் இடித்துக் கட்டினால் வாடகைதாரருக்குச் சொந்த வீடு இலவசமாகக் கிடைக்கும். கூடுதல் மாடிகளை விற்று நிறுவனம் ஆதாயம் பார்க்கும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் முழங்கால் வலியோடு வாழும் ஒரு பாட்டிக்கு, தன் பெயரில் ஒரு வீடு என்பது வாழ்நாள் கனவு. பாரம்பரிய முத்திரை அதைத் தட்டிப் பறித்துவிடும் என்று அவர் அஞ்சியதில் குற்றம் காண முடியாது. முத்திரை குத்தும் அரசு, பழுதுபார்க்கப் பணமும் தர வேண்டும். பணம் தராமல் இடிக்கக்கூடாது என்று மட்டும் சொன்னால், கட்டடத்தைக் காக்கும் சுமையை அதில் வாழ்பவர்களின் தலையில் கட்டுவதாகவே அது முடியும்.

எங்கள் கவலை வேறொன்று. மூன்று மாடிக்கட்டடங்கள் இருந்த மனைகளில் பல மடங்கு உயரமான கோபுரங்கள் எழும்போது, பின்வரிசைத் தெருக்களுக்குப் போகும் காற்று தடைபடுகிறது. கீழ்த்தளங்கள் கார் நிறுத்துமிடங்களாகிவிடுவதால், தெருவைப் பார்த்த சன்னல்களும் பால்கனிகளும் மேலே போய்விடுகின்றன. முதல் மாடியிலிருந்து மைதானத்தில் ஆடும் பிள்ளையைக் குரல் கொடுத்துச் சாப்பிடக் கூப்பிட முடியும், இருபதாம் மாடியிலிருந்து முடியாது. இடித்துக் கட்டினாலும் முதல் நான்கு தளங்களில் வீடுகள் தெருவை நோக்கி இருக்க வேண்டும், மனையைச் சுற்றிய இடைவெளி குறையக்கூடாது என்று இரண்டு விதிகளை வகுத்தாலே குடியிருப்பின் தன்மையில் பாதியைக் காப்பாற்றிவிடலாம்.

கேள்வி: சென்னையில் இதுபோல ஒன்றும் இல்லையா? (சென்னை வாசகர்)

இருக்கிறது, அதுவும் ஏறத்தாழ அதே வயதில். மாம்பலத்து நீண்ட ஏரியின் படுகையை 1920-களில் மனைகளாக்கித் தியாகராய நகரை அமைத்தபோது, நடுவில் சுமார் 8 ஏக்கரில் பூங்கா விட்டு, அதை நோக்கிச் சாலைகள் வந்து கூடும்படி வரைந்தார்கள். நகருக்கு நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயரும், பூங்காவுக்கு அன்றைய முதலமைச்சர் பனகல் அரசரின் பெயரும் வைக்கப்பட்டன. பம்பாய்ச் சட்டத்தைப் போலவே இங்கும் 1920-ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டம் வழிவகுத்தது.

பிறகு இரண்டும் வெவ்வேறு வழியில் போயின. சிவாஜி பார்க், தாதர் ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை தள்ளி இருக்கிறது. கடைவீதி ரானடே சாலையோடு நின்றுவிட்டது. தியாகராய நகரிலோ மாம்பலம் நிலையத்திலிருந்து இறங்கிய கூட்டம் ரங்கநாதன் தெரு வழியே நேராக உஸ்மான் சாலையைத் தொட்டது. ஒவ்வொரு பங்களாவும் துணிக்கடையாகவும் நகைக்கடையாகவும் மாற, பூங்காவைப் பார்த்து வாழ்ந்த குடும்பங்கள் வெளியேறின. பூங்கா மிஞ்சியது, அதற்காக வாதாட எதிர்வீடு மிஞ்சவில்லை. அண்மை ஆண்டுகளில் மெட்ரோ ரயிலின் நிலத்தடி நிலையப் பணிக்காகப் பூங்காவின் ஒரு பகுதி எடுக்கப்பட்டது. பணி முடிந்ததும் எடுத்த இடம் முழுவதும் மரங்களோடு பூங்காவுக்கே திரும்புகிறதா என்று சென்னைவாசிகள் கண்காணித்து, மாநகராட்சியிடமும் மெட்ரோ நிறுவனத்திடமும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: மகளைப் பார்க்க மும்பை போகிறோம். சிவாஜி பார்க்கைப் பார்க்க ஏற்ற நேரம் எது? (நாகர்கோவில் வாசகி)

தாதர் ரயில் நிலையத்தின் மேற்கு வாயிலில் இறங்கி, ரானடே சாலை வழியே நடந்தே போய்விடலாம். பழைய கட்டடங்களையும் நடப்பவர்களையும் பார்க்க வேண்டுமானால் காலை ஏழு மணிக்கு முன்பும், ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் விடுமுறை நாள் காலையிலும் போங்கள். மழை முடிந்த அக்டோபர், நவம்பர் மாதங்களில் தரையில் கொஞ்சம் பசுமையும் இருக்கும், புழுதியும் குறைவு. டிசம்பர் முதல் வாரத்தில் போவதானால், கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால் தாதரில் ரயில் ஏறி இறங்குவதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.